மெயில் பவுன்ஸ் ஆகிறதா? தப்பு உங்கள் மேல் இல்லாமலும் இருக்கலாம்... 8.8.8.8 செய்யும் குழப்பம்!

வருமான வரிக் கணக்கு தாக்கல் சீசன். மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் ஒரு சின்ன ஆடிட்டர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். தி.நகரில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் கிளையண்ட்டுக்கு ஒரு கணக்கு விவரம் அவசரமாகப் போக வேண்டும். அனுப்பிய மெயில் அடுத்த நிமிடமே திரும்பி வருகிறது.

"சார், தி.நகர் பார்ட்டிக்கு அனுப்பின மெயில் பவுன்ஸ் ஆயிடுச்சு."

"என்னம்மா காரணம் போட்டிருக்கு?"

"நம்மள ஸ்பேம் லிஸ்ட்ல வச்சிருக்காங்கன்னு வருது சார். ஸ்பேம்ஹவுஸ்னு ஏதோ பேர் இருக்கு."

ஆடிட்டருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. கிளையண்ட்டுக்கு போன் போட்டால், "எங்க சைடுல எல்லாம் சரியாத்தான் இருக்கு சார், உங்க ஐடி ஆளைக் கேளுங்க" என்று பதில். ஐடி ஆள் வந்து ஸ்பேம்ஹவுஸ் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கிறார். ஆடிட்டர் அலுவலகத்தின் பெயரும் இல்லை, ஐபி முகவரியும் இல்லை. பட்டியலில் இல்லாத ஒருவரைப் பட்டியலைக் காட்டி வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்.

இந்த அலுவலகம் கற்பனை. ஆனால் இந்தப் பிரச்சினை நிஜம். இதற்குக் காரணம் ஆடிட்டர் அனுப்பிய மெயில் இல்லை. தி.நகர் கடையின் மெயில் சர்வரில் யாரோ ஒருவர் என்றோ போட்டுவிட்டுப்போன டிஎன்எஸ் செட்டிங். பல இடங்களில் அது நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த நான்கு எட்டுகள்தான்: 8.8.8.8.

முதலில், இந்த 'லிஸ்ட்' என்பது என்ன?

ஒரு மெயில் சர்வரின் கதவை நாள் முழுக்க யாராவது தட்டிக்கொண்டே இருப்பார்கள். அதில் பெரும்பகுதி குப்பை. ஒவ்வொரு மெயிலையும் உள்ளே விட்டு, படித்துப் பார்த்து, பிறகு குப்பையில் போட்டால் சர்வர் திணறிவிடும். அதனால் கதவிலேயே ஒரு சோதனை: தட்டுகிற ஐபி முகவரி ஏற்கெனவே ஸ்பேம் அனுப்பி மாட்டியதா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உலக அளவில் சில பட்டியல்கள் இருக்கின்றன. 1997-ல் பால் விக்ஸி, டேவ் ராண்ட் ஆகியோர் அமெரிக்காவில் தொடங்கியதுதான் இதற்கு முன்னோடி. அடுத்த ஆண்டே லண்டனில் ஸ்டீவ் லின்ஃபோர்ட் ஸ்பேம்ஹவுஸைத் தொடங்கினார். இன்று உலகில் அதிகம் பயன்படும் பட்டியல்களில் ஒன்று அவர்களுடையது.

அதில் எல்லோரும் குற்றவாளிகள் என்றும் சொல்ல முடியாது. 'பிபிஎல்' என்ற ஒரு பிரிவில், நேரடியாக மெயில் அனுப்ப வேண்டிய அவசியமே இல்லாத முகவரிகள் இருக்கும். வீட்டு பிராட்பேண்ட் இணைப்புகள் பெரும்பாலும் இந்த வகை. அடையாறில் வீட்டிலிருந்தே சொந்த மெயில் சர்வர் நடத்தலாம் என்று ஆசைப்படும் ஸ்டார்ட்அப் இளைஞர் முதலில் இடித்துக்கொள்ளும் சுவர் இதுதான். இன்னொரு பிரிவில் வைரஸ் தாக்கிய கணினிகளின் முகவரிகள். ஒரே ஐபி முகவரியை நூறு வீடுகள் பகிர்ந்துகொள்ளும் இணைப்பாக இருந்தால், ஒரு வீட்டு கம்ப்யூட்டர் செய்த தப்புக்கு நூறு வீட்டுக்கும் கெட்ட பெயர்.

இதெல்லாம் நிஜமாகவே பட்டியலில் இருப்பவர்களின் கதை. மயிலாப்பூர் ஆடிட்டர் அதில் இல்லவே இல்லையே?

டிஎன்எஸ் இங்கே எங்கிருந்து வந்தது?

டிஎன்எஸ் என்றால் இணையத்தின் டெலிபோன் டைரக்டரி. ஓர் இணையதளத்தின் பெயரைக் கேட்டால், அதன் எண் முகவரியைச் சொல்லும். பட்டியல் நடத்துபவர்கள் இந்த டைரக்டரியையே ஒரு குறுக்கு வழியாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். தனியாக ஒரு மென்பொருள் எழுதுவானேன்? டிஎன்எஸ் எல்லா சர்வரிலும் ஏற்கெனவே இருக்கிறது. கேள்வி சின்னது, பதிலும் சின்னது, கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடும்.

சோதனை நடக்கும் விதம் இதுதான். 203.0.113.25 என்ற முகவரியிலிருந்து ஒருவர் கதவைத் தட்டுகிறார். மெயில் சர்வர் அந்த எண்ணைத் தலைகீழாகத் திருப்பி, பின்னால் பட்டியலின் பெயரை ஒட்டுகிறது: 25.113.0.203.ஸென்.ஸ்பேம்ஹவுஸ்.ஓஆர்ஜி. 'இப்படி ஒரு பெயர் டைரக்டரியில் இருக்கிறதா?' என்று டிஎன்எஸ்ஸிடம் கேட்கிறது.

'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று வந்தால் ஆள் நல்லவர், உள்ளே வரலாம். 127.0.0.2, 127.0.0.4, 127.0.0.10 என்பதுபோல ஒரு பதில் வந்தால் ஆள் பட்டியலில் இருக்கிறார். கடைசி எண், எந்தப் பிரிவில் இருக்கிறார் என்பதற்கான குறியீடு. அவ்வளவுதான் விஷயம்.

எஸ்டிடி பூத் பிரச்சினை

மெயில் சர்வர் இந்தக் கேள்வியை ஸ்பேம்ஹவுஸிடம் நேராகக் கேட்பதில்லை. நடுவில் ஒரு தூதர் இருக்கிறார். ரிசால்வர் என்று அழைக்கப்படும் டிஎன்எஸ் சர்வர்தான் அந்தத் தூதர். கேள்வியை எடுத்துக்கொண்டு போவதும் பதிலைக் கொண்டுவருவதும் அவர் வேலை. ஸ்பேம்ஹவுஸுக்குத் தெரிவது இந்தத் தூதரின் முகம் மட்டும்தான். கேள்வி யாருடையது என்பது அதற்குத் தெரியாது.

ஓர் அபார்ட்மென்ட் வாட்ச்மேனை நினைத்துப் பாருங்கள். புது ஆள் யாராவது வந்தால், ஸ்டேஷனுக்கு போன் செய்து 'இவர் பேர் திருட்டு லிஸ்ட்ல இருக்கா?' என்று கேட்கிறார். தன் சொந்த போனிலிருந்து கேட்டால் சிக்கல் இல்லை. தெருமுனையில் ஒரு காலத்தில் மஞ்சள் போர்டு வைத்திருந்த எஸ்டிடி பூத்திலிருந்து கேட்டால்? அதே பூத்திலிருந்து ஊரில் உள்ள எல்லா வாட்ச்மேன்களும் கூப்பிடுகிறார்கள். யார் எத்தனை முறை கேட்கிறார்கள் என்று ஸ்டேஷனுக்குத் தெரியாது.

கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 எல்லாம் இந்த மாதிரிப் பொது பூத்துகள்தான். கூகுள் 2009 டிசம்பரிலும் கிளவுட்ஃபிளேர் 2018 ஏப்ரல் 1-லும் இந்தச் சேவைகளைத் தொடங்கின. வேகமானவை, இலவசம். வீட்டு வைஃபை மந்தமானால் 'ரூட்டர்ல 8.8.8.8 போடு மச்சி' என்று சொல்லாத நண்பர் சென்னையில் கிடையாது. போனுக்கும் லேப்டாப்புக்கும் அது நல்ல யோசனைதான். மெயில் சர்வருக்கு அது மோசமான யோசனை.

ஏன் என்றால், ஸ்பேம்ஹவுஸ் இலவசமாகப் பதில் சொல்வதற்கு வரம்பு வைத்திருக்கிறது. வணிகரீதியாக இல்லாத சிறிய பயன்பாட்டுக்குத்தான் இலவசம். ஒரு நாளில் 1 லட்சம் மெயில் இணைப்புகள், 3 லட்சம் கேள்விகள் என்பது எல்லை. அதற்கு மேல் போனால் கட்டணம். பொது பூத்திலிருந்து வருபவர் சின்னக் கடையா, பெரிய நிறுவனமா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. எனவே அங்கிருந்து வரும் கேள்விகளுக்குப் பதில் கிடையாது என்று முடிவெடுத்துவிட்டார்கள்.

பதில் கிடையாது என்பதையும் அவர்கள் ஒரு பதிலாகத்தான் அனுப்புகிறார்கள்: 127.255.255.254. 'நீ பொது ரிசால்வர் வழியாகக் கேட்கிறாய்' என்று அர்த்தம். வரம்பு மீறிக் கேட்டால் 127.255.255.255. பட்டியலின் பெயரைத் தப்பாக டைப் செய்திருந்தால் 127.255.255.252.

இங்கேதான் விபரீதம். வாட்ச்மேன் போனில் 'பூத்துல இருந்து கேட்டா சொல்ல மாட்டோம்' என்று பதில் வருகிறது. வாட்ச்மேன் அதைக் காதில் சரியாக வாங்கவில்லை. 'ஏதோ பதில் வந்துடுச்சு, அப்போ இவன் திருடன்தான்' என்று கேட்டை மூடிவிடுகிறார். வாசலில் வருபவர், போகிறவர் எல்லோரும் திருடர்கள்!

ஒரே காரணம், மூன்று விதமான அவஸ்தை

போஸ்ட்ஃபிக்ஸ் என்ற பிரபலமான மெயில் மென்பொருளில், பட்டியலின் பெயரை மட்டும் எழுதிவிட்டு, எந்தப் பதிலை ஏற்க வேண்டும் என்று சொல்லாமல் விட்டால், எந்த எண் பதிலாக வந்தாலும் அது மெயிலை நிராகரிக்கும். தி.நகர் கடையில் நடந்தது இதுதான். ஆடிட்டரின் மெயில் மட்டுமல்ல, சூரத் மில்லின் இன்வாய்ஸும், பேங்க் அனுப்பும் ஸ்டேட்மென்ட்டும் அதே கதவில் முட்டித் திரும்பியிருக்கும். வராத மெயில் வரவில்லை என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் 'எங்க சைடுல எல்லாம் சரியாத்தான் இருக்கு' என்று அவர்கள் நம்பிக்கையோடு சொல்கிறார்கள்.

இரண்டாவது வகை இதற்கு நேர் எதிர். சில பட்டியல்கள் பொது ரிசால்வருக்கு 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்றே சொல்லிவிடும். எல்லோரும் நல்லவர் ஆகிவிடுவார்கள். ஸ்பேம் மழையாகக் கொட்டும். 'ஃபில்டர் போட்டும் இவ்வளவு குப்பை வருதே' என்று அட்மின் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

மூன்றாவது, பதிலே வராமல் போவது. ஒவ்வொரு மெயிலுக்கும் சர்வர் காத்திருந்து காத்திருந்து, ஓடிபி மெயில் காலாவதியான பிறகு வந்து சேரும்.

இதில் நேர விவகாரமும் உண்டு. ரிசால்வர்கள் ஒருமுறை வாங்கிய பதிலைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்துக்கொள்ளும். நிஜமாகவே பட்டியலில் மாட்டி, கெஞ்சிக் கேட்டு, பெயரை எடுக்க வைத்த பிறகும், 'எடுத்துட்டாங்க, ஆனா இன்னும் மெயில் போகலையே' என்று புலம்ப வேண்டியிருப்பது இதனால்தான்.

பட்டியலே செத்துப்போனால்?

பதிலின் அர்த்தம் பார்க்காமல் கேட்டை மூடும் பழக்கம், பட்டியலே மறைந்துபோகும்போது இன்னும் பெரிய கூத்தாக முடியும்.

ஓஆர்டிபி என்ற பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. கடை மூடிய பிறகும் உலகம் முழுக்க சர்வர்கள் அதனிடம் கேட்டுக்கொண்டே இருந்தன. 2008 மார்ச்சில், எந்த முகவரியைக் கேட்டாலும் 'ஆமாம், பட்டியலில் இருக்கிறது' என்று அது பதில் சொல்லத் தொடங்கியது. ஒன்றேகால் வருடம் செட்டிங்கைத் திறந்தே பார்க்காத அத்தனை பேருக்கும் அன்று மெயில் நின்றது.

சிஸ்கோ நடத்தும் ஸ்பேம்காப் பட்டியலுக்கு நடந்தது இன்னும் வேடிக்கை. 2021 ஜனவரி கடைசியில் அதன் டொமைன் பெயரைப் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள். காலாவதியான டொமைனில் எந்தப் பெயரைக் கேட்டாலும் ஒரு விளம்பரப் பக்கத்தின் முகவரி பதிலாக வந்தது. பட்டியலை நம்பியிருந்த சர்வர்கள் அதையும் 'ஆமாம்' என்றே எடுத்துக்கொண்டன. நல்ல மெயில்கள் எல்லாம் நிராகரிக்கப்பட்டன.

இந்த இரண்டு சம்பவங்களிலும் பதில் 127.0.0-வில் தொடங்கும் தெரிந்த குறியீடுதானா, பட்டியல் உயிரோடுதான் இருக்கிறதா என்று இரண்டு விஷயங்களைச் சரிபார்த்திருந்தால் பாதிப்பு வந்திருக்காது. அதற்குப் பிறகும் பலர் பாடம் படிக்கவில்லை. நீண்ட காலம் புழக்கத்தில் இருந்த சார்ப்ஸ் பட்டியல் 2024 ஜூனில் மூடப்பட்டது. அதன் பெயரை இன்னும் நீக்காத செட்டிங் ஃபைல்கள் நிச்சயம் எங்காவது இருக்கும்.

சென்னை ஏற்கெனவே வாங்கிய அடி

கண்ணுக்குத் தெரியாத யாரோ சொல்லும் ஒரு டிஎன்எஸ் பதில் ஒரு தொழிலை எப்படி நிறுத்தும் என்பது சென்னைக்குப் புதிதல்ல.

2018 செப்டம்பர் 24. சென்னையில் வளர்ந்து உலகம் முழுக்க மெயில் சேவை தரும் ஸோஹோவின் இணையதளம் திடீரென்று திறக்கவில்லை. சர்வர்கள் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் ஸோஹோ.காம் என்ற பெயரைப் பதிவு செய்து வைத்திருந்த டியர்ராநெட் என்ற அமெரிக்க நிறுவனம், அந்தப் பெயரையே முடக்கிவிட்டது. ஸோஹோ மெயில் கணக்குகள் சிலவற்றிலிருந்து ஃபிஷிங் மெயில் போனதாக வந்த புகார்தான் காரணம். மொத்தமே மூன்று புகார்கள்தான் என்றது ஸோஹோ. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டிய நிலை.

டொமைன் அன்றே மீட்கப்பட்டது. ஆனால் பழைய பதிலை ஞாபகம் வைத்திருந்த ரிசால்வர்களால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சரியாகவில்லை. பிறகு ஸோஹோ தன் டொமைனை கிளவுட்ஃபிளேருக்கு மாற்றிக்கொண்டது.

ஸோஹோ பெரிய நிறுவனம். அதன் நிறுவனர் ட்வீட் போட்டால் உலகம் திரும்பிப் பார்க்கும். மயிலாப்பூர் ஆடிட்டரின் மெயில் திரும்பி வந்தால் யார் கேட்பார்கள்?

அப்போ தப்பு யார் மேல்?

ஸ்பேம்ஹவுஸைத் திட்டுவது சுலபம். அவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. இலவசமாகக் கொடுக்கும் தண்ணீர்ப் பந்தலில் யார் குடிக்கிறார்கள், யார் லாரி வைத்து எடுத்துப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. பிழைக் குறியீடுகளின் அர்த்தத்தையும் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் 'சொல்ல மாட்டேன்' என்பதை, 'ஆமாம்' என்பதற்குப் பயன்படும் அதே வடிவில் சொன்னால் குழப்பம் வரும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. விதியை மீறுவது தி.நகர் சர்வர், தண்டனை மயிலாப்பூர் ஆடிட்டருக்கு. இது நியாயமில்லை.

ஆனாலும் முதல் பொறுப்பு மெயிலைப் பெறும் சர்வரை நடத்துபவருடையதுதான். அடுத்தவர் மேல் ஸ்பேம் முத்திரை குத்தும் அதிகாரம் அவர் கையில் இருக்கிறது. அந்த முத்திரையைக் குத்தும் முன், வந்த பதிலின் அர்த்தத்தைப் படிக்க வேண்டும் என்பது குறைந்தபட்ச மரியாதை. இது முடியாத காரியமும் இல்லை. ஸ்பேம்அஸாஸின் என்ற மென்பொருள், கேள்வி மறுக்கப்பட்டால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளும். அனுப்பியவர் மேல் பழி போடாது. எல்லா மென்பொருளும் இப்படி இருந்திருக்க வேண்டும்.

அடுத்தது ஹோஸ்டிங் நிறுவனங்கள். மாதம் சில நூறு ரூபாய்க்கு சர்வர் வாடகைக்குக் கொடுப்பவர்கள், அதில் பொது டிஎன்எஸ்ஸை முன்கூட்டியே நிரப்பிக் கொடுத்தால், 'மெயில் சர்வர் வைக்கப் போகிறீர்களா? இதை மாற்றுங்கள்' என்று ஒரு வரி எழுதக் கூடாதா?

நம் ஊர் நிலைமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எஸ்எம்எஸ், போன் கால் தொல்லைக்கு டிராய் 2018-ல் விதிகள் கொண்டுவந்தது. மின்னஞ்சல் ஸ்பேமுக்கென்று அமெரிக்காவில் 2003-லேயே சட்டம் வந்தது. இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. தொல்லை தரும் மெயில்களையும் தொட்ட ஐ.டி. சட்டத்தின் 66ஏ பிரிவை, கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அது சரியான தீர்ப்பு. ஆனால் அதன் பிறகு மின்னஞ்சல் குப்பைக்கென்று தனியாக எதுவும் வரவில்லை. சட்டம் இல்லாத இடத்தில் வெளிநாட்டுப் பட்டியல்கள்தான் போலீஸ். போலீஸ் சொல்வதைக் காதில் சரியாக வாங்கத் தெரியாத வாட்ச்மேன் கையில்தான் கேட் சாவி.

என்ன செய்யலாம்?

மெயில் திரும்பி வந்தவர்கள்: பவுன்ஸ் மெயிலை அழிக்காமல் முழுசாகப் படியுங்கள். ஸ்பேம்ஹவுஸ் பெயருடன் 'ஓபன் ரிசால்வர்' என்ற வார்த்தை இருந்தால், பிரச்சினை உங்களிடம் இல்லை. எதிர்முனையின் அட்மினுக்கு அந்த வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மெயிலில் அனுப்பினால் அதுவும் திரும்பி வரும்! அந்த வார்த்தை இல்லாவிட்டால், உங்கள் ஐபி முகவரி நிஜமாகவே பட்டியலில் இருக்கிறதா என்று ஸ்பேம்ஹவுஸ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

மெயில் சர்வர் நடத்துபவர்கள்: அன்பவுண்ட் அல்லது பைண்ட் போன்ற ஒரு ரிசால்வரை அதே சர்வரில் நிறுவுங்கள். இரண்டும் இலவசம். அது கேள்வியை 8.8.8.8-க்குத் தள்ளிவிடாமல், தானே நேராகப் போய்க் கேட்கும்படி அமைக்க வேண்டும். அதுதான் வாட்ச்மேனுக்குச் சொந்த போன். முடியாவிட்டால், ஸ்பேம்ஹவுஸில் பதிவு செய்து சிறிய பயன்பாட்டுக்கான இலவசச் சாவியை வாங்கிக்கொள்ளலாம். அப்போது எந்த வழியாகக் கேட்டாலும் கேட்பது யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

127.0.0.2 முதல் 127.0.0.11 வரையிலான பதில்களை மட்டும் 'பட்டியலில் உண்டு' என்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை ஒரு சின்னச் சோதனை: எந்தப் பட்டியலிலும் 127.0.0.2 என்ற முகவரி சோதனைக்காகவே இருக்க வேண்டும், 127.0.0.1 இருக்கவே கூடாது. முதலாவதைக் கேட்டால் 'இல்லை' என்று வந்தால் பட்டியல் செத்துவிட்டது அல்லது உங்களுக்குப் பதில் மறுக்கப்படுகிறது. இரண்டாவதைக் கேட்டு 'இருக்கிறது' என்று வந்தால் அந்தப் பட்டியலை உடனே தூக்குங்கள்.

மற்றவர்கள்: ஜிமெயில், அவுட்லுக் பயன்படுத்துபவர் என்றால் சர்வர் கவலை உங்களுடையது அல்ல. போனிலும் வீட்டு ரூட்டரிலும் 8.8.8.8 தாராளமாக இருக்கட்டும். ஆனால் அடுத்த முறை அலுவலக சர்வர் அமைக்கும் நண்பர், "டிஎன்எஸ்ல என்ன போடட்டும்?" என்று கேட்டால், வாய் தானாக 'நாலு எட்டு' என்று சொல்லும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "அதுல மெயில் ஓடுமா?"

'ஓடும்' என்று பதில் வந்தால், பூத்தை விட்டுவிட்டு வாட்ச்மேனுக்கு ஒரு சொந்த போன் வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. அடுத்த ஜூலையில் யாரோ ஓர் ஆடிட்டருக்கு பிபி ஏறாமல் இருக்கும்.